ஏழு தரம் ஊத்தின தண்ணி

சூட்டி மகன்,

நான் ஒரு பிழை செய்தன். ஊர் கேட்கத்தான் செய்தன். அதைத் திருப்பி எடுக்கிறதும் ஊர் கேட்கத்தான் இருக்க வேணும் என்று நினைச்சு இந்தக் கொப்பியில எழுதுறன். நாலாம் வகுப்போட நின்ற எழுத்து இது. பக்கத்து வீட்டுப் பௌசியா லாத்தாட மகள் திருத்தி எழுதித் தாறன் என்றாள். நான் வேணாம் என்றன். யார் வாசிச்சாலும் வாசிக்கட்டும், குறிஞ்சிப்பிட்டியில உள்ளவங்க எல்லாரும் வாசிக்கட்டும், ஆனா நான் கதைக்கிறது உன்னோடதான். நீ மௌத்தாகி, கண்ணை மூடி எட்டு மாசம். உன்ட மையித்தைக் குளிப்பாட்டின அன்றைக்கு, உன்ட கை அசுத்தமான கை என்று நானே என்ட வாயால சொன்னன். அது அசுத்தமான கை இல்ல, மகன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிய உன்ட கலியாணம் என்று பேசி வைச்சிருந்தமே. பெருநாள் வந்து போயிட்டுது. உனக்குப் பேசின கனமூலைப் பிள்ளைக்கு வேற இடத்தில பேசியிருக்காங்களாம். அது நல்ல பிள்ளை, நல்லா இருக்கட்டும். கலியாணத்துக்கு முதல் உன்னை இருத்திவைச்சுச் சொல்ல வேணும் என்று கொஞ்சப் புத்திமதி நான் மனசில சேர்த்து வைச்சிருந்தன். பொஞ்சாதி சமைச்ச கறிக்கு உப்பு இல்லாட்டி மற்ற ஆக்களுக்கு முன்னால சொல்லாத, அவட உம்மாட வீட்டுக்குப் போகக் கேட்டா முகத்தைச் சுழிக்காத, இப்படிச் சின்னச் சின்னதுகள். எல்லாத்துக்கும் மேல ஒன்று சொல்லியிருக்க வேணும். அதை அப்ப நானே படிச்சிருக்கல்ல. வீட்டில உள்ள ஆளைப் பார்த்து, "அந்தக் கதை எனக்கு வேணாம்" என்று ஒரு நாளும் சொல்லாத மகன். நான் உன்னிட்ட அப்படிச் சொன்னன். நீ அதுக்குப் பிறகு அந்தக் கதையைக் கதைக்கவே இல்ல.

அந்த மெஷின் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். சிலாபத்தில இருந்து பஸ்ஸில, சாக்கால சுத்தி, மடியில வைச்சுக் கொண்டு வந்தாய். தையல் மெஷின் அளவு இருந்தது. "உம்மா, இது என்ன எண்டு சொல்லுங்க பாப்பம்" என்றாய். ஒரு பக்கம் சுத்துற வாய், கீழே கம்பி, பக்கத்தில மோட்டர். நான் யோசிக்காமலே, "தேங்காய் துருவுற மெஷின்" என்றன். நீ முகத்தைக் கொஞ்சமும் மாத்தாம, "ஓம், கொண்டு வாங்க, துருவித் தாறன்" என்றாய். நான் உண்மையாகவே பாதித் தேங்காயோட வந்து நின்றன். நீ சிரிச்ச சிரிப்புக்குப் பௌசியா லாத்தா வேலிக்கு மேலால எட்டிப் பார்த்தா. "என்னடி, மோனுக்குப் பைத்தியமா?" என்று கேட்டா. பிறகு நீ எங்க ரெண்டு பேருக்கும் சொல்லித் தந்தாய், இது லேத் மெஷின், ஹோட்டல்களில மேசையில பந்தடிக்கிற பூல் விளையாட்டுக் கம்புக்கு நுனியில தோல் ஒட்டிச் சீவுறதுக்கு என்று. அந்தத் தோலுக்கு டிப் என்று பேர், அது தேய்ஞ்சா பந்து சொன்ன பக்கம் போகாது என்றாய். "கம்புக்குத் தொப்பி போடுறது உம்மா" என்றாய். "கம்புக்கும் பள்ளிக்குத் தொழப் போற வயசு வந்திட்டோ" என்று லாத்தா கேட்டா. நாங்க மூன்று பேரும் ஒன்றாச் சிரிச்ச கடைசி நாள் அது என்று நினைக்கிறன்.

நீ ஹோட்டலில அறை துடைக்கிற வேலைக்குத்தான் போனாய். காத்துக் காலத்தில பட்டம் கட்டிக் கடலில ஓடுற வெள்ளைக்காரர், காத்து விழுந்தா பூல் மேசையைச் சுத்தித்தான் நிற்பாங்களாம். தோல் கழன்ற கம்புகளை மூலையில எறிஞ்சிருந்ததாம். நீ அதில ஒன்றை எடுத்து, பிளேட்டால வெட்டி, கையால ஒட்டிக் குடுத்தாயாம். அதில இருந்து தொடங்கினது. வாப்பா இல்லாத பிள்ளை, யாரும் கைபிடிச்சுக் காட்டிக் குடுக்காம நீயே ஒரு தொழிலைக் கண்டுபிடிச்சு வந்தாய். அன்றைக்கு உன்ட தலையைத் தடவி நல்ல பிள்ளை என்று சொல்லியிருக்க வேணும். நான் என்ன கேட்டன்? "சூதாடுறவங்கட கம்பா?" என்று கேட்டன். "விளையாட்டு உம்மா, கெரம் மாதிரி" என்றாய். வீட்டுக்குள்ள வைக்க வேணாம் என்றன். நீ பின்பக்கம் கிடுகால ஒரு கொட்டில் போட்டு, அங்க வைச்சாய்.

அடுப்படி ஜன்னலால பார்த்தா உன்ட கொட்டில் தெரியும். வெங்காயத் தோட்ட வேலை இல்லாத நாட்களில நான் கறிக்கு வெட்டிக்கொண்டு உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பன். நீ கண்டிருக்க மாட்டாய். பழைய தோலை வெட்டி எடுப்பாய். கம்பை மெஷினுக்குள்ள விட்டு, நுனியில தோல் இருக்கிற வெள்ளைக் குப்பியைச் சமமாக்குவாய். புதுத் தோலுக்கு அடியைச் சொரசொரப்பான கடதாசியால உரசி, பசை வைச்சு, நேரே அழுத்திவிட்டு, காயும் வரைக்கும் ஒன்றும் செய்யாம இருப்பாய். அந்த நேரத்தில நீ விசில் அடிப்பாய். பிறகு மெஷினைப் போட்டு, வெளியில நீட்டி நிற்கிற தோலைப் பிளேட்டால சீவுவாய். மெல்லிசா, வெங்காயச் சருகு மாதிரிப் பறக்கும். தலையை வளைவாக்கி, ஒரு ரூபாக் காசுக் குத்தியை அதுக்குப் பக்கத்தில பிடிச்சு, ரெண்டு வளைவும் ஒன்றா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாய். கடைசியா விரலை நாக்கில வைச்சு, எச்சிலைத் தோலின்ட ஓரத்தில தொட்டு, ஒரு தோல் துண்டால சுத்தி உரசுவாய். ஓரம் மினுங்கும். பாரு, எல்லாம் எனக்குத் தெரியும். யாரும் சொல்லித் தராம நானும்தான் படிச்சிருக்கன்.

பன்றிக் கதையைக் கொண்டு வந்தது பௌசியா லாத்தா. அவவில பிழை இல்ல. கட்டாரில இருக்கிற அவட மகன் போனில பார்த்துச் சொல்லியிருக்கான், அந்தத் தோலில நல்ல சாதி எல்லாம் பன்றித் தோலாம் என்று. நீ எச்சிலைத் தொட்டு உரசிக்கொண்டிருந்த நேரம்தான் அவ வந்து சொன்னா. நாக்கில வைச்ச விரல், அதே விரல் தோலில, திரும்ப நாக்கில. நான் கத்திக்கொண்டு வந்தன். "உம்மா, கேளுங்களேன்" என்றாய். "அந்தக் கதை எனக்கு வேணாம்" என்றன். "இந்த வீட்டுக்குள்ள அதைப் பத்தி ஒரு கதையும் கதைக்கப்படாது. வேலை செய்யிறது எண்டா செய். ஆனா சோத்துக்கு முதல் மண்ணோட ஏழு தரம் கழுவிட்டுத்தான் சோத்துக் கோப்பையில கை வைக்கலாம்." நீ என்னைப் பார்த்தாய். பிறகு, "சரி உம்மா, மண் எங்க?" என்றாய்.

பன்றி பட்டா ஏழு தரம் கழுவ வேணும், அதில ஒரு தரம் மண்ணோட என்று குர்ஆன் ஓதப் போன இடத்தில சின்ன வயசில படிச்சது. வேற எதையும் நான் அவ்வளவு ஒழுங்காப் பிடிச்சிருக்கல்ல. பால்மா டின் ஒன்றில மண் அரிச்சுப் பைப்படியில வைச்சன். நீ கையைக் காட்டிக்கொண்டு நிற்பாய், நான் ஜொக்கால தண்ணி ஊத்துவன். உன்னைக் கழுவ விட்டா ஏமாத்திடுவாய் என்று நினைச்சுத்தான் நானே நின்று எண்ணினன். ஒவ்வொரு நாளும், பகல் சோத்துக்கு ஒரு தரம், இராச் சோத்துக்கு ஒரு தரம். ரெண்டு வருஷம்.

நீ எண்ணிக்கையைக் குழப்புவாய். "உம்மா, இது நாலா அஞ்சா?"

"நாலு."

"நான் அஞ்சு எண்டு நினைச்சன். சந்தேகம் வந்தா முதல்ல இருந்து ஊத்த வேணும்தானே?"

"உனக்கு வேற வேலை இல்லையா?"

"இல்ல உம்மா. ஊத்துங்க."

ஊத்துற நேரத்தில அன்றைக்கு நடந்த கதை எல்லாம் சொல்லுவாய். ஹோட்டல் முற்றத்துக்குள்ள கழுதை வந்து வெள்ளைக்காரப் பொம்பிளைட தொப்பியைத் தின்ற கதை. கம்பைக் கொண்டு வந்தவர் டிப் போட முதல் பேரம் பேசின கதை. கனமூலைப் பிள்ளையைக் கண்ட கதையையும் அங்கதான் சொன்னாய், ஆறாவது ஜொக்குக்கும் ஏழாவது ஜொக்குக்கும் நடுவில. நான் ஊத்தாம நின்றிட்டன். "உம்மா, கை காயுது" என்றாய். வீட்டுக்குள்ள வந்தா நீ போனைப் பார்ப்பாய், நான் அடுப்பைப் பார்ப்பன். நாம ரெண்டு பேரும் கதைச்சது எல்லாம் அந்தப் பைப்படியிலதான். அப்ப எனக்கு அது விளங்கல்ல. நான் உன்னைக் கழுவுறன் என்றுதான் நினைச்சுக்கொண்டிருந்தன்.

ஒரு வியாழக்கிழமை அஸர் தொழுதிட்டு வந்து, உடம்பு உளையுது என்று படுத்தாய். டெங்கு என்றாங்க. புத்தளம் ஆஸ்பத்திரியில மூன்றாம் நாள் கொஞ்சம் தெளிஞ்சு இருந்தாய். நான் தோடம்பழம் உரிச்சுத் தந்தன். நீ ஒரு சுளையைக் கையில வைச்சுக்கொண்டு, "உம்மா, சிலாபத்து அஜித் ஐயாட கம்பு மெஷினில இருக்கு. ஒருத்தரையும் கழட்ட விடாதீங்க. பசை காயட்டும், நான் வந்து சீவுறன்" என்றாய். "நீயும் உன்ட கம்பும்" என்றன். தோடம்பழச் சுளையை வாயில வைக்க முதல் கையைப் பார்த்தாய். கட்டிலில கிடக்கிற பிள்ளை. "உம்மா, மண் இல்லையே" என்றாய். பகிடிக்குத்தான் சொன்னாய். நான் சிரிக்கல்ல. "ஆஸ்பத்திரியில மன்னிப்பு உண்டு, தின்" என்றன். செவ்வாய்க்கிழமை காலையில எல்லாம் முடிஞ்சுது.

இனி நான் எழுத வேண்டிய இடம் வந்திட்டுது. வீட்டு முற்றம் நிறையச் சனம். உள்ளுக்கு உன்னைக் குளிப்பாட்டுறாங்க. உன்ட மாமா, என்ட தம்பி, தண்ணி எடுக்க வெளியில வந்தான். நான் அவன்ட கையைப் பிடிச்சு, "கையை மட்டும் மண்ணோட ஏழு தரம் கழுவச் சொல்லு. பன்றித் தோல் தொட்ட கை" என்றன். மெதுவாச் சொல்லத் தெரியாதவள் நான். முற்றத்தில நின்ற எல்லாரும் கேட்டாங்க. மாமா என்னைப் பார்த்து, "லாத்தா, இப்பவா?" என்றான். "ஓம், இப்பதான். அவனை நான் அப்பிடியே அனுப்ப மாட்டன்" என்றன். பால்மா டின்னை நானே எடுத்துக் குடுத்தன். உன்னைப் படைச்ச ரப்புக்கு முன்னால நீ சுத்தமாப் போக வேணும் என்றுதான் மகன். வேற ஒன்றுக்கும் இல்ல. ஆனா அன்றையில இருந்து நீ ஊரில, பன்றித் தோல் வேலை செய்த பொடியன். கனமூலையில இருந்து பிள்ளைட உம்மா துக்கம் கேட்க வந்தா. போக முதல், "எங்களுக்கு அது தெரியாது லாத்தா, முதலே சொல்லியிருக்கலாம்" என்று மெதுவாச் சொல்லிட்டுப் போனா. நான் தலையைக் குனிஞ்சுகொண்டிருந்தன். உனக்காக ஒரு சொல்லுச் சொல்லல்ல.

போன கிழமை அஜித் வந்தார். சிலாபத்தில மூன்று பூல் மேசை வைச்சிருக்கிற சிங்கள மனிசன், உன்னை மல்லி, மல்லி என்று தம்பி மாதிரிக் கூப்பிடுவாரே, அவர்தான். செருப்பை வாசலுக்கு வெளியில கழட்டிட்டு நின்றார். "உம்மா, கம்பு கேட்டு வர எனக்கு வெட்கம். உங்களுக்குக் கஷ்டம் எண்டுதான் இவ்வளவு காலம் வரல்ல" என்றார். கதிரை போட்டுக் குடுத்து, தேத்தண்ணி குடுத்தன். கம்பு எங்க கிடக்கு என்று சொன்னன். பிறகு, எனக்கு ஏன் அந்த வாய் வந்தது தெரியாது, "அந்தப் பன்றித் தோல் வேலைக்கு மட்டும் அவன் போகாம இருந்திருக்கலாம்" என்றன்.

அவர் கோப்பையைக் கீழே வைச்சார். "எந்தப் பன்றித் தோல்?"

"இந்த டிப் எல்லாம் அதுதானே."

"மற்ற ஆக்கள் போடுற. மல்லி போட மாட்டான். நான் நல்ல ஜப்பான் டிப் கொண்டு வந்து குடுத்தது, உம்மா. பெட்டியில என்ன தோல் எண்டு இருந்தது. அவன் வாசிச்சான், கதிரையில வைச்சான். பெட்டியைத் திறக்கவும் இல்ல. ஐயா, எருமைத் தோல் போட்டுத் தாறன், பிடிக்காட்டி வேற ஆளிட்டக் கொண்டு போங்க எண்டான். நான் ஏசினது. நல்லா ஏசினது. அவன் சிரிச்சான். எங்கட உம்மாட சோத்தில போற கை ஐயா எண்டான்."

"எப்ப இருந்து?"

"முதல்ல இருந்தே. ஹோட்டல்காரருக்கும் தெரியும். அதால அவனுக்குக் கைவிட்டுப் போன வேலையும் இருக்கு." பிறகு என்ட முகத்தைப் பார்த்துப் பயந்து, "உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

நான் எழும்பிக் கொட்டிலுக்குப் போனன். எட்டு மாசமா ஜன்னலால மட்டும் பார்த்த இடம். மெஷினுக்கு மேல, என்ட கண் உயரத்தில, ஒரு பலகை அடிச்சு அதில தகர டின் ஒன்று வைச்சிருந்தாய். அதை நீ வைச்ச நாளில இருந்து எனக்குத் தெரியும், தொட்டதில்ல. திறந்தன். சின்னச் சின்னப் பைக்கட்டு. ஒவ்வொன்றிலயும் மார்க்கரால தமிழ் எழுத்து. மாடு. எருமை. மாடு. எருமை. எழுத்து ஒவ்வொன்றும் என்ட பெருவிரல் அளவு. உன்னிட்டக் கம்பு கொண்டு வந்தவங்க எல்லாம் சிங்களமும் இங்கிலீசும் வாசிக்கிறவங்க. உனக்கு எழுதியே வைக்கத் தேவையில்ல. சின்ன எழுத்துக் கண்ணுக்குத் தெரியாத ஆள் இந்த வீட்டில ஒருத்திதான். கதைக்க வேணாம் என்று சொன்னதால நீ எழுதி வைச்சிருக்கிறாய். நான் அதையும் வாசிக்கல்ல.

அஜித் பின்னால வந்து நின்றார். "கம்பை நான் இப்பிடியே கொண்டு போறன் உம்மா, வேற ஆளிட்டக் குடுத்துச் சீவுறன்" என்றார். "முடிக்காம குடுக்க ஏலாது" என்றன். "பசை காயட்டும் எண்டான். இப்ப காய்ஞ்சிருக்கும்."

"எட்டு மாசம் காய்ஞ்சா போதும்" என்று சொல்லிச் சிரிச்சார். பிறகு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மெஷினை அவர் போட்டுவிட்டார். பிளேட்டை நான் பிடிச்சன். முதல் தரம் பிளேட் துள்ளினது. நீ பிளேட் பிடிக்கிற கையை மற்றக் கையால முட்டுக் குடுப்பாயே, அது ஞாபகம் வந்து அப்படிப் பிடிச்சன். தோல் சருகாப் பறந்தது. முப்பது வருஷம் வெங்காயத் தாள் வெட்டின கை, மகன், பிளேட் அதுக்குப் புதுசு இல்ல. தலையை வளைக்கிறதுதான் கஷ்டம். கடதாசியை வைச்சுக் கொஞ்சம் கொஞ்சமா உரசி, நிற்பாட்டி, உன்ட ஒரு ரூபாக் குத்தியைப் பிடிச்சுப் பார்த்தன். அது பலகையிலேயே கிடந்தது. ஒரு பக்கம் கூடிப் போச்சு. திரும்ப உரசினன். கடைசியில ஓரம் மினுக்கிற வேலை மட்டும் மிச்சம். தண்ணி கொண்டு வரட்டா என்று அஜித் கேட்டார். நான் விரலை நாக்கில வைச்சன். எச்சிலைத் தோலில தொட்டு, உன்ட தோல் துண்டால சுத்தி உரசினன். மினுங்கினது, சூட்டி. உன்ட மாதிரி இல்ல, ஆனா மினுங்கினது. அவர் பெருவிரலால நுனியை அழுத்திப் பார்த்து, "கொஞ்சம் சாய்வு. ஆனா விளையாடலாம்" என்றார். பொய் சொல்லாம சொன்னதுக்காகவே அந்த மனிசன் நல்லா இருக்க வேணும்.

அவர் போன பிறகு பைப்படிக்குப் போனன். பால்மா டின் அங்கதான் இருந்தது, நான் எடுத்துவைக்கல்ல. பழக்கத்தில மண்ணை ஒரு பிடி அள்ளிட்டன். பிறகு அதைத் திரும்பப் போட்டன். சும்மா தண்ணியில ஒரு தரம் அலசிட்டு வந்து, பிஸ்மி சொல்லி, அந்தக் கையாலதான் சோறு தின்றன். நாளைக்கு உன்ட மாமாவிட்டயும், பௌசியா லாத்தாவிட்டயும், கனமூலையிலயும் போய், அவன் தொட்டது மாட்டுத் தோல், எருமைத் தோல், அவன்ட கை சுத்தம் என்று சொல்லுவன். முற்றத்தில சொன்ன அதே சத்தத்தில சொல்லுவன். அது என்னால ஏலும்.

ஏலாதது ஒன்றுதான், உன்னிட்டக் கேட்டு அறியிறது. நான் கதைக்க வேணாம் என்றாலும், ரெண்டு வருஷத்தில ஒரு நாளைக்கு அந்த டின்னை என்ட முகத்துக்கு முன்னால நீட்டி, வாசியுங்க உம்மா என்று சொல்லியிருக்கலாமே. நீ நீட்டல்ல. சுத்தமான கையை மண்ணோட தேய்ச்சாய், ஒரு நாளும் முகம் சுழிக்கல்ல, நாலா அஞ்சா என்று குழப்பித் திரும்பத் திரும்ப ஊத்த வைச்சாய். எனக்குப் பயந்தா மகன் அப்படி நின்றாய், இல்ல நான் உன்ட பக்கத்தில நின்று தண்ணி ஊத்துற அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவா?